கூரையில் விளைவதை வீட்டிலேயே செலவழிக்க: சோலார் மின் மேலாண்மைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மதியம் பன்னிரண்டரை மணி. கூரையில் 4 கிலோவாட் உற்பத்தியாகிறது. வீட்டில் ஆள் இல்லை. ஃப்ரிட்ஜ், ரவுட்டர், அணைக்க மறந்த ஒரு மின்விசிறி எல்லாம் சேர்ந்தும் 300 வாட்டைத் தாண்டவில்லை. மீதி 3.7 கிலோவாட் மீட்டர் வழியாக வெளியே போகிறது. மாலை ஏழு மணிக்கு எல்லோரும் வீடு திரும்பி அடுப்பு, வாஷிங் மெஷின், ஹீட்டர், ஏசி என்று ஒவ்வொன்றாகப் போடும்போது கூரையில் ஒன்றும் இல்லை. மதியம் கொடுத்ததையே கூடுதல் விலை கொடுத்துத் திரும்ப வாங்குகிறோம்.

இந்த இடைவெளியைக் குறைப்பதுதான் வீட்டு மின் மேலாண்மை அமைப்பின் வேலை. மீட்டரை நொடிக்கு நொடி பார்த்துக்கொண்டிருக்கும். உபரி வந்தால், பொறுத்திருக்கக்கூடிய வேலைகளை அப்போது தொடங்கும். உபரி போனதும் நிறுத்தும் அல்லது குறைக்கும். அது கடையில் விற்கும் விலையுயர்ந்த பெட்டியாக இருக்கலாம், உள்ளங்கை அளவு கணினியில் ஓடும் இலவச மென்பொருளாக இருக்கலாம், வெறும் டைமராகவும் இருக்கலாம். என் வீட்டில் கிடைத்த பலனில் பாதிக்கு மேல், பெட்டி வாங்குவதற்கு முன்பே கிடைத்துவிட்டது. அதனால் இந்த வழிகாட்டியும் அந்த வரிசையிலேயே போகிறது. பேட்டரி கடைசிப் பக்கம்தான் வரும்.

முதலில் கணக்கு: உங்களுக்கு இது தேவையா?

இரண்டு விகிதங்களைக் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் பாதித் தெளிவு வந்துவிடும். ஒரு நாளில் பேனல்கள் 18 யூனிட் (ஒரு யூனிட் என்பது 1000 வாட்-மணி) கொடுக்கின்றன, வீடு மொத்தம் 12 யூனிட் செலவழிக்கிறது, அதில் 5 யூனிட் மட்டும் நேரடியாக வெயிலிலிருந்து வருகிறது என்று வைத்துக்கொள்வோம். உற்பத்தியில் வீடு எடுத்துக்கொண்டது 18-இல் 5, அதாவது 28%. இது சுயநுகர்வு. தேவையில் கூரை கொடுத்தது 12-இல் 5, அதாவது 42%. இது தற்சார்பு. இரவில் ஓடும் 3 யூனிட் வேலையைப் பகலுக்கு மாற்றினால் முதலாவது 44% ஆகும், இரண்டாவது 67% ஆகும். விற்பனையாளர் "90% வரை கொண்டுபோகலாம்" என்றால், எந்த விகிதத்தைச் சொல்கிறார் என்று கேளுங்கள். சுயநுகர்வை 90% ஆக்க எளிய வழி, பேனல்களைக் குறைத்துப் போடுவது!

அடுத்து விலை. வாங்கும் யூனிட்டுக்கு 100 காசு, கொடுக்கும் யூனிட்டுக்கு 40 காசு என்றால், பகலுக்கு மாற்றும் ஒவ்வொரு யூனிட்டிலும் 60 காசு மிச்சம். அதே யூனிட்டைப் பேட்டரியில் போட்டு எடுத்தால், போய்வரும் வழியில் 15% போனது என்று கொண்டாலும், 85 காசுக்குப் பயன்படும். கொடுத்திருந்தால் வந்திருக்கும் 40 போக 45 காசு மிச்சம். அந்த 45-இலிருந்துதான் பேட்டரியின் விலையையும் எடுக்க வேண்டும். உங்கள் மின் நிறுவனத்தின் விலைப்பட்டியலில் இந்த இரண்டு எண்களையும் பார்த்துவிட்டு மேலே படியுங்கள். கொடுத்த யூனிட்டை அப்படியே ஒன்றுக்கு ஒன்றாகக் கழித்துக்கொள்ளும் ஏற்பாடு உங்களுக்கு இருந்தால், கிரிட்டே, அதாவது மின் நிறுவனத்தின் மின்வலையே, உங்கள் இலவச பேட்டரி. அப்படியானால் இந்த வேலை எதுவும் வேண்டாம், அந்த ஏற்பாடு மாறும்வரை. கிரிட்டுக்குக் கொடுக்கவே அனுமதி இல்லாத வீடுகள் இதற்கு நேர் எதிர்: அங்கே பயன்படுத்தாத ஒவ்வொரு யூனிட்டும் வீண், மிச்சம் முழு 100 காசு.

படி 1: இரண்டு வாரம் வெறுமனே அளவெடுங்கள்

எதையும் மாற்றாதீர்கள். பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் சோலார் இன்வெர்ட்டரின் செயலியில் உற்பத்தி தெரியும். பிரதான மீட்டருக்குப் பக்கத்தில் ஒரு அளவி இருந்தால் வாங்குவதும் கொடுப்பதும் தெரியும். அளவி இல்லையென்றால் ஒரு நோட்டில் காலை, மதியம், மாலை, படுக்கும் முன் என்று நான்கு வேளை மீட்டர் எண்களைக் குறித்தாலே போதும். வாரநாளும் விடுமுறை நாளும் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதைப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் அவை இரண்டு வேறு குடும்பங்கள் போல இருக்கும்.

எல்லோரும் தூங்கிய பிறகு, அதிகாலை மூன்று மணிக்கு வீடு எவ்வளவு இழுக்கிறது என்று பாருங்கள். அதுதான் அடிச்சுமை. என் வீட்டில் அது 120 வாட். சின்ன எண்தான். ஆனால் நாளுக்கு 2.88 யூனிட், அதில் பாதிக்கு மேல் வெயில் இல்லாத நேரத்தில். தேடிப் பார்த்தால் யாரும் பார்க்காத அறையில் ஒரு செட்டாப் பாக்ஸ், ஒரு பழைய ஆம்ப்ளிஃபயர், சார்ஜரே இல்லாமல் சூடாகக் கிடந்த ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டி. எந்த மேலாண்மை அமைப்பும் இதைச் சரிசெய்து தராது. பிளக்கைப் பிடுங்குவதுதான் வழி.

படி 2: எது பொறுத்திருக்கும், எது பொறுத்திருக்காது?

வீட்டிலுள்ள சாதனங்களை மூன்று கூட்டமாகப் பிரியுங்கள். விளக்கு, அடுப்பு, டிவி, கணினி இவையெல்லாம் மனிதன் கேட்கும்போது ஓட வேண்டியவை, இவற்றைத் தொடாதீர்கள். ஃப்ரிட்ஜையும்தான். அதை பிளக்கில் நிறுத்தி நிறுத்திப் போட்டு மிச்சப்படுத்துவது கொஞ்சம், கெடுவது அதிகம்.

வாஷிங் மெஷின், பாத்திரம் கழுவும் இயந்திரம், துணி உலர்த்தி, மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார், நீச்சல்குளப் பம்பு ஆகியவை ஒருமுறை தொடங்கினால் முடியும்வரை ஓட வேண்டியவை. எப்போது தொடங்குவது என்பதில் மட்டும் நமக்குச் சுதந்திரம்.

மூன்றாவது கூட்டம்தான் பொன்முட்டை: சுடுநீர்த் தொட்டி, மின்கார், வெப்பப் பம்பு (வெளிக்காற்றின் வெப்பத்தை எடுத்து வீட்டையோ நீரையோ சூடாக்கும் கருவி), ஏசி, பேட்டரி. இவற்றை இடையில் நிறுத்தலாம், சிலவற்றைக் கூட்டலாம் குறைக்கலாம். சோலாரின் ஏற்ற இறக்கத்துக்கு ஈடுகொடுக்கக்கூடியவை இவை மட்டுமே. இந்தக் கூட்டத்தில் உங்களிடம் ஒன்றுகூட இல்லையென்றால், பெரிய அமைப்புக்குச் செலவு செய்வதில் அர்த்தமில்லை. அடுத்த படியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

படி 3: பைசா செலவில்லாத மாற்றங்கள்

வாஷிங் மெஷினில் தாமதத் தொடக்கப் பொத்தான் இருக்கும். காலையில் துணியைப் போட்டு, 11 மணிக்குத் தொடங்கும்படி வைத்துவிட்டுப் போங்கள். சுடுநீர் ஹீட்டருக்கு ஒரு டைமர்: காலை 11 முதல் 3 வரை. மோட்டாரை மதியத்துக்கு மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரே மணிக்கு வைக்காதீர்கள். ஹீட்டர் 2 கிலோவாட், தண்ணீரைச் சூடாக்கும் கட்டத்தில் வாஷிங் மெஷின் 2 கிலோவாட், மோட்டார் 1 கிலோவாட் என்று மூன்றும் ஒன்றாகக் கிளம்பினால் 4 கிலோவாட் கூரை போதாது. ஒன்றன் பின் ஒன்றாக வரிசைப்படுத்துங்கள்.

இதை ஒரு மாதம் செய்துவிட்டு விகிதங்களை மறுபடி கணக்கிடுங்கள். டைமருக்கு மேகம் தெரியாது, அது ஒன்றுதான் அதன் குறை. இனி வரும் படிகள் எல்லாம் அந்த ஒரு குறையைப் போக்கத்தான்.

படி 4: கண்ணைச் சரியான இடத்தில் வையுங்கள்

எல்லாத் தவறுகளும் இங்கேதான் பிறக்கின்றன, ஆகவே இங்கே அவசரப்படாதீர்கள்.

உபரியை அறிய ஒரே நம்பகமான இடம், வீடும் கிரிட்டும் சேரும் புள்ளி. பிரதான மீட்டருக்கு அடுத்து, வேறு எந்தக் கிளையும் பிரிவதற்கு முன்பு அளவி உட்கார வேண்டும். அங்கே மின் கம்பியைச் சுற்றி மாட்டும் வளையத்துக்கு சிடி கிளாம்ப் என்று பெயர். அதன் மேல் ஒரு அம்புக்குறி இருக்கும். சில தயாரிப்புகளில் அது கிரிட்டைப் பார்க்க வேண்டும், சிலவற்றில் வீட்டைப் பார்க்க வேண்டும். கையேட்டைப் படிக்காமல் மாட்டினால் வாங்குவது கொடுப்பதாகத் தெரியும்.

எனக்கு அதுதான் நடந்தது. அளவி மாட்டிய அன்று வரைபடம் அழகாக இருந்தது. மதியம் ஒரு மலை, இரவில் ஒரு பள்ளம். இரண்டாம் நாள் காலை அம்மா குளியலறையிலிருந்து குரல் கொடுத்தார்: "என்னப்பா இது, பச்சைத் தண்ணியா வருது?" பார்த்தால், வெயில் அடித்த நேரமெல்லாம் ஹீட்டர் சும்மா இருந்திருக்கிறது. மாலை எட்டு மணிக்கு அடுப்பு போட்டதும், "ஆஹா, உபரி வருகிறது" என்று கிளம்பியிருக்கிறது. அடுப்பை அணைத்ததும் நின்றிருக்கிறது. வளையம் திரும்பியிருந்தது, அவ்வளவுதான். பொருத்தியவரைக் குறை சொல்லிப் பயனில்லை. சோதித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டது நான்.

ஆகவே சோதனை இது. இருட்டிய பிறகு, சோலார் பூஜ்யமாக இருக்கும்போது, 2000 வாட் மின்கெட்டிலைப் போடுங்கள். அளவி 2000 கூடியதாகக் காட்டினால் எல்லாம் சரி. 2000 குறைந்ததாகக் காட்டினால் வளையம் தலைகீழ். மும்முனை இணைப்பில் 1000 குறைந்ததாகக் காட்டினால் வேறொரு கோளாறு: வளையம் ஒரு ஃபேஸிலும், அது ஒப்பிடும் வோல்டேஜ் இன்னொரு ஃபேஸிலும் இருக்கிறது. ஃபேஸ்களுக்கிடையே 120 பாகை விலகல். அதன் கோசைன் மதிப்பு மைனஸ் அரை. அதனால்தான் 2000 வாட், மைனஸ் 1000 ஆகிறது. இதையே தலைகீழாகவும் மாட்டியிருந்தால் கூடுதல் 1000 என்று காட்டும். பார்ப்பதற்கு நியாயமான எண் போல இருப்பதால் மாதக்கணக்கில் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். மூன்று ஃபேஸிலும் கெட்டிலை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

மும்முனை வீட்டில் இன்னொரு கேள்வியும் உண்டு: உங்கள் மின் நிறுவனத்தின் மீட்டர் மூன்று ஃபேஸையும் கூட்டிக் கழித்து ஒரே கணக்காக எழுதுகிறதா, தனித்தனியாகவா? கூட்டிக் கழிக்கிறது என்றால், ஒரு ஃபேஸில் கொடுப்பதும் இன்னொன்றில் வாங்குவதும் ஈடாகிவிடும். உங்கள் அமைப்பும் கூட்டுத்தொகையை மட்டும் பார்த்தால் போதும். இதைத் தெரிந்துகொள்ளாமல் ஃபேஸ் வாரியாகச் சமன்செய்ய முயல்பவர்கள் வீணாக அல்லாடுகிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. மின் பெட்டிக்குள் கைவைப்பது தகுதியுள்ள எலக்ட்ரீஷியனின் வேலை. கரண்ட் வெளியீடு தரும் வகை வளையத்தை, மின்சாரம் ஓடும் கம்பியில் மாட்டிய நிலையில் அதன் முனைகளைக் கழற்றக் கூடாது. ஆபத்தான வோல்டேஜ் அங்கே உருவாகும்.

படி 5: மூளை எங்கே இருக்க வேண்டும்?

மூன்று வழிகள். இன்வெர்ட்டர் தயாரிப்பாளரின் சொந்தப் பெட்டி: மாட்டினால் ஓடும், ஆனால் பெரும்பாலும் அவர்களுடைய சாதனங்களோடு மட்டும் பேசும். பல நிறுவனச் சாதனங்களை இணைக்கும் பொதுப் பெட்டி: நடுத்தரம். மூன்றாவது, திறந்த மென்பொருள். 2013-இல் பவுலஸ் ஸ்கௌட்சன் தொடங்கிய ஹோம் அசிஸ்டன்ட் இன்று இதில் பரவலாகப் பயன்படுவது. 2021-இலிருந்து மின்சாரத்துக்கென்றே தனித் திரையும் அதில் உண்டு. கார் மட்டும்தான் கவலை என்றால் இவிசிசி என்ற மென்பொருள் அந்த ஒரு வேலையை நன்றாகச் செய்யும். திறந்த மென்பொருளில் சுதந்திரம் அதிகம். ஒரு ஞாயிற்றுக்கிழமையை விழுங்கும் வல்லமையும் அதிகம். வீட்டில் உங்களைத் தவிர வேறு யாருக்கும் அதைச் சரிசெய்யத் தெரியாது என்பதையும் யோசித்து முடிவெடுங்கள்.

எதை எடுத்தாலும் ஒரு நிபந்தனை: கட்டுப்பாடு வீட்டுக்குள்ளேயே நடக்க வேண்டும். தயாரிப்பாளரின் சர்வர் வழியாக வரும் அளவீடு பல நேரங்களில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கப்படும். துண்டு மேகம் கடந்தால் 4 கிலோவாட் சில நொடிகளில் 1 கிலோவாட் ஆகிவிடும். ஐந்து நிமிடப் பழைய எண்ணை வைத்து ஹீட்டரை ஓட்டுவது, பின்கண்ணாடியை மட்டும் பார்த்து வண்டி ஓட்டுவதுதான். இணையம் அறுந்த அன்று சுடுநீரும் அறுந்துபோவது வேறு கதை.

வாங்கும் முன் இன்வெர்ட்டருக்கு மாட்பஸ் (கருவிகள் தங்களுக்குள் எண்களைப் பரிமாறிக்கொள்ளும் மொழி) வழி உண்டா என்று பாருங்கள்; ஆர்எஸ்-485 என்ற இரட்டைக் கம்பியிலோ, வீட்டு நெட்வொர்க் வழியாகவோ அது பேசும். சன்ஸ்பெக் என்ற பொது அட்டவணையைப் பின்பற்றும் கருவி என்றால் இன்னும் எளிது. காருக்கான சார்ஜரில் ஓசிபிபி அல்லது மாட்பஸ், வெப்பப் பம்பில் எஸ்ஜி ரெடி என்ற இரண்டு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) முனைகள், சின்ன சாதனங்களுக்கு எம்க்யூடிடி. இந்தப் பெயர்களைக் கையேட்டில் தேடினாலே போதும், உள்ளே இறங்க வேண்டியதில்லை.

அனுபவத்தில் கற்ற மூன்று சில்லறை விஷயங்கள். ரவுட்டரில் ஒவ்வொரு கருவிக்கும் நிலையான ஐபி முகவரியை ஒதுக்குங்கள். சில இன்வெர்ட்டர்கள் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாட்பஸ் இணைப்பைத்தான் ஏற்கும். இரண்டாவது நிரல் நுழைந்தால் முதலாவது விழும். மூன்றாவது, இன்வெர்ட்டரின் நிலையான நினைவகத்தில் எழுதும் அமைப்புகளை நொடிக்கொருமுறை மாற்றாதீர்கள். அந்த நினைவகத்துக்கு எழுதும் ஆயுள் குறைவு. அடிக்கடி மாற்றுவதற்கென்று வைத்திருக்கும் பதிவேடு (ரெஜிஸ்டர்) எது என்று கையேட்டில் பார்த்து அதையே பயன்படுத்துங்கள்.

படி 6: விதிகளை எழுதுங்கள்

புதிதாக எழுதுபவர் எல்லோரும் முதலில் எழுதும் விதி: "உபரி 2000 வாட்டுக்கு மேல் என்றால் ஹீட்டரைப் போடு; குறைந்தால் நிறுத்து." போட்டுப் பாருங்கள். உபரி 2300. ஹீட்டர் கிளம்புகிறது, 2000 வாட் எடுக்கிறது. இப்போது மீட்டரில் உபரி 300 மட்டும். "குறைந்துவிட்டது" என்று விதி ஹீட்டரை நிறுத்துகிறது. உபரி மறுபடி 2300. மறுபடி கிளம்புகிறது. ரிலே டக் டக் என்று தாளம் போடும் சத்தம் அடுத்த அறைக்குக் கேட்கும்.

காரணம், ஹீட்டர் தின்றுகொண்டிருப்பதையும் உபரியில் சேர்க்க மறந்ததுதான். கிடைக்கும் உபரி என்பது வெளியே போவதும் நாம் ஓட்டும் சாதனங்கள் எடுத்துக்கொண்டிருப்பதும் சேர்ந்தது. அதன்பின் போடும் எல்லைக்கும் நிறுத்தும் எல்லைக்கும் நடுவே இடைவெளி விடுங்கள். என்னுடைய விதி: ஹீட்டர் நின்றிருக்கும்போது உபரி 2200 வாட்டுக்கு மேல் தொடர்ந்து ஐந்து நிமிடம் இருந்தால் போடு, ஓடும்போது கிரிட்டிலிருந்து 300 வாட்டுக்கு மேல் தொடர்ந்து மூன்று நிமிடம் வாங்கினால் நிறுத்து. ஒரு மேகத்துக்காக 300 வாட்டை இரண்டு நிமிடம் வாங்குவதில் இழப்பு 0.01 யூனிட், ரிலே தேய்வதைவிட அது மலிவு.

கம்ப்ரசர் உள்ள சாதனங்களுக்கு, அதாவது ஏசிக்கும் வெப்பப் பம்புக்கும், இந்த நேரங்களை இன்னும் நீட்டுங்கள். ஒருமுறை கிளம்பினால் குறைந்தது இருபது நிமிடம் ஓடட்டும்; நின்றால் ஐந்து நிமிடம் ஓய்வு. அவற்றை பிளக்கில் மின்சாரம் துண்டித்து நிறுத்தவே கூடாது. வெப்பநிலை அமைப்பைக் கூட்டிக் குறைப்பதே முறை. மதியம் உபரி இருக்கும்போது ஏசியை வழக்கத்தைவிட இரண்டு டிகிரி குறைத்து ஓட்டினால் சுவரும் தரையும் குளிர்ந்திருக்கும். மாலையில் அந்தக் குளிர்ச்சி கொஞ்ச நேரம் தாங்கும். வெயிலை நேரே உறிஞ்சும் மெல்லிய கூரை வீட்டில் இது அதிகம் தாங்காது, கனமான சுவருள்ள வீட்டில் தாங்கும்.

பெரிய சுமையை ஸ்மார்ட் பிளக்கில் மாட்டும் முன் அதன் ஆம்பியர் அளவைப் பாருங்கள். 10 ஆம்பியர் பிளக்கில் 2 கிலோவாட் ஹீட்டரை மணிக்கணக்கில் ஓட்டினால் பிளாஸ்டிக் உருகும் வாசனை வரக்கூடும். ஹீட்டருக்கும் மோட்டாருக்கும் கான்டாக்டர் (பெரிய சுமையைத் தாங்கும் சுவிட்ச்) வைத்து, அந்த கான்டாக்டரை மட்டும் சின்ன ரிலேயால் இயக்குவதே சரி.

முன்னுரிமை வரிசை வீட்டுக்கு வீடு மாறும். என் வரிசை: சுடுநீர் 50 டிகிரி எட்டும்வரை முதலில், பிறகு கார், பிறகு பேட்டரி, பிறகு சுடுநீரை மேலும் சூடாக்குவது. பேட்டரியை முதலில் வைப்பவர்கள் அதிகம். பேட்டரி வழியாகப் போய்வரும் இழப்பை நினைத்தால், நேரடியாகச் செலவழிக்க வழியிருக்கும்போது எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை.

படி 7: சுடுநீர்த் தொட்டி, நீங்கள் ஏற்கெனவே வாங்கிவிட்ட பேட்டரி

ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 1.163 வாட்-மணி ஆகும். 150 லிட்டர் தொட்டியை 20 டிகிரியிலிருந்து 60-க்குக் கொண்டுபோக ஏறத்தாழ 7 யூனிட். அவ்வளவு கொள்ளளவுள்ள பேட்டரியின் விலையை விசாரித்துவிட்டுத் தொட்டியைத் திரும்பிப் பாருங்கள், மரியாதை வரும்.

இங்கே இரண்டு முறைகள். ஒன்று, மேலே சொன்னபடி போடுவது, நிறுத்துவது. இன்னொன்று, உபரி திருப்பி என்ற கருவி: உபரி 700 வாட் என்றால் 2 கிலோவாட் ஹீட்டருக்கே 700 மட்டும் போகும்படி மின்னோட்டத்தைத் துண்டு துண்டாக்கிக் கொடுக்கும். மேகமூட்டமான நாட்களில் இதன் அருமை தெரியும். ஆனால் இது வெறும் சூட்டுக்கம்பிக்கு மட்டும். மோட்டார், வெப்பப் பம்பு, உள்ளே எலக்ட்ரானிக் பலகை உள்ள கீசர் இவற்றுக்கு மாட்டக் கூடாது.

பாதுகாப்பை மறக்காதீர்கள். தொட்டியின் சொந்த தெர்மோஸ்டாட்டும் அதிவெப்பத் துண்டிப்பானும் எப்போதும் இயங்க வேண்டும்; மென்பொருளை நம்பி அவற்றைத் தாண்டிக் கம்பி இழுக்காதீர்கள். வெதுவெதுப்பான தேங்கிய நீரில், அதாவது 20 முதல் 45 டிகிரிக்குள், லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா பெருகும். மழைக்காலத்தில் உபரி இல்லாமல் தொட்டி நாட்கணக்கில் 40 டிகிரியிலேயே கிடந்தால், கிரிட் மின்சாரம் செலவானாலும் பரவாயில்லை என்று வாரம் ஒருமுறை 60-க்கு ஏற்றும் விதி வேண்டும். 60 டிகிரி நீர் தோலைச் சில நொடிகளில் சுட்டுவிடும் என்பதால் குழாய்க்கு முன் தண்ணீரைக் கலந்து தணிக்கும் மிக்ஸிங் வால்வும் வேண்டும், குறிப்பாகக் குழந்தைகள் உள்ள வீட்டில்.

படி 8: கார்

மின்கார் பகலில் வீட்டில் நிற்கும் என்றால் அதைவிடப் பெரிய உபரித்தொட்டி வேறில்லை. நிற்காது என்றால் வார இறுதிக் கணக்கை மட்டும் போடுங்கள்.

சார்ஜர் காரிடம் எவ்வளவு எடுக்கலாம் என்பதை நொடிக்கு ஆயிரம் முறை துடிக்கும் ஒரு சமிக்ஞையின் அகலத்தால் சொல்கிறது. அகலம் 10% என்றால் 6 ஆம்பியர். அதற்குக் கீழே இந்த மொழியில் சொல்ல வழியில்லை. 230 வோல்ட் ஒரு முனையில் 6 ஆம்பியர் என்பது 1380 வாட். மூன்று முனையில் 4140 வாட். ஆகவே சிறிய கூரை உள்ளவர் மும்முனை சார்ஜரை மாட்டினால், உபரி 4 கிலோவாட்டைத் தாண்டும் அபூர்வ நேரங்களில் மட்டுமே கார் வெயிலைக் குடிக்கும். ஒரு முனைக்கும் மூன்று முனைக்கும் தானே மாறும் சார்ஜரா என்று வாங்கும் முன் கேளுங்கள். பிறகு மாற்றுவது பெருஞ்செலவு.

மெதுவாக ஏற்றுவதிலும் ஒரு விலை உண்டு. சார்ஜ் ஏறும்போதெல்லாம் காரின் கணினிகள் விழித்திருந்து சில நூறு வாட் வரை எடுத்துக்கொள்ளும். 1380 வாட்டில் அது கணிசமான பங்கு. ஆகவே உபரி 1400-ஐ ஒட்டியே தள்ளாடும் நாளில், கொஞ்சம் காத்திருந்து நடுப்பகலில் 10 ஆம்பியரில் ஏற்றுவது மேல்.

படி 9: பேட்டரி, கடைசியாக

மேலே உள்ளதெல்லாம் செய்த பிறகும் மாலை ஆறு முதல் காலை ஆறுவரை எவ்வளவு வாங்குகிறீர்கள் என்று பாருங்கள். பேட்டரியின் பயன்படும் கொள்ளளவு அதைத் தாண்டத் தேவையில்லை. 5 யூனிட் இரவுச் செலவுக்கு 15 யூனிட் பேட்டரி வாங்கினால் பத்து யூனிட் அலங்காரத்துக்கு.

பேட்டரி வந்ததும் புதிய சண்டைகள் வரும். பேட்டரியின் இன்வெர்ட்டர் மீட்டரைப் பூஜ்யத்தில் நிறுத்தப் பார்க்கும். உபரி திருப்பியும் பூஜ்யத்தில் நிறுத்தப் பார்க்கும். இரண்டு பேர் ஒரே ஸ்டீயரிங்கைப் பிடித்த கதை. ஒன்று உயர்த்த, இன்னொன்று இறக்க, வரைபடம் ரம்பப் பல் போல ஆகும். தீர்வு, இருவருக்கும் வேறு வேறு இலக்கு: பேட்டரிக்குப் பூஜ்யம், திருப்பிக்கு "100 வாட் வெளியே போனால் மட்டும் தொடங்கு". அப்போது பேட்டரி நிரம்பும்வரை, அல்லது அதன் ஏற்றும் வேகம் உச்சத்தைத் தொடும்வரை, திருப்பி பேசாமல் இருக்கும். சுடுநீர்தான் முதலில் வேண்டும் என்றால், அந்த நேரத்துக்குப் பேட்டரியின் ஏற்றும் அளவை மேலாண்மை அமைப்பின் வழியாகக் கட்டுப்படுத்த வேண்டும்.

இரண்டாவது சண்டை இன்னும் கேவலமானது. இரவு அவசரமாகக் காரை சார்ஜில் போடுகிறீர்கள். பேட்டரிக்கு அது காரா அடுப்பா என்று தெரியாது. பகலெல்லாம் சேர்த்ததை அப்படியே காருக்குள் கொட்டிவிடும். ஒரு பேட்டரியிலிருந்து இன்னொரு பேட்டரிக்கு, இரண்டு முறை இழப்போடு. "கார் வேகமாக ஏறும்போது வீட்டு பேட்டரி இறங்கக் கூடாது" என்ற விதியை முதல் நாளே எழுதுங்கள்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகைக்கு உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றுவது சேதம். குளிர்ப் பகுதிகளில் வெளியே வைக்காதீர்கள். அந்த வகையில் வோல்டேஜ் ஏறத்தாழ சமமாகவே இருப்பதால் மீதச் சதவீதக் கணக்கு நாளடைவில் பிசகும். அவ்வப்போது முழுதாக நிரப்பினால் கணக்கு நேராகும். கிரிட் போனால் சாதாரண இன்வெர்ட்டர் பாதுகாப்புக்காகத் தானும் நின்றுவிடும் என்பதையும், மின்வெட்டில் ஓட வேண்டுமானால் அதற்கென்ற வசதி தனியாகக் கேட்டு வாங்க வேண்டும் என்பதையும் பலர் முதல் மின்வெட்டில்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

படி 10: நாளைய வெயில்

ஃபோர்காஸ்ட்.சோலார், சோல்காஸ்ட் போன்ற சேவைகள் உங்கள் கூரையின் திசை, சாய்வு, அளவைக் கொடுத்தால் நாளைய உற்பத்தியை மணிவாரியாகக் கணித்துத் தரும். நேரத்துக்கு நேரம் மின்விலை மாறும் இடங்களில் இது உண்மையிலேயே உதவும்: நாளை நல்ல வெயில் என்றால் இரவின் மலிவு நேரத்தில் பேட்டரியை நிரப்ப வேண்டாம், இடம் விட்டு வைக்கலாம். வெளியே அனுப்பும் அளவுக்கு உச்சவரம்பு உள்ள வீட்டில், காலையிலேயே பேட்டரியை நிரப்பிவிடாமல் நடுப்பகல் உச்சத்துக்காகக் காலியாக வைப்பதும் இதனால் முடியும். விலை நாள் முழுதும் ஒன்றே, வரம்பும் இல்லை என்றால், கணிப்பு ஒரு பொழுதுபோக்கு. தவறில்லை, நானும் பார்க்கிறேன்.

படி 11: கெட்டுப்போகும் நாளுக்கான ஏற்பாடு

அளவி நின்றுபோனால் பல மென்பொருட்கள் கடைசியாக வந்த எண்ணையே பிடித்துக்கொண்டிருக்கும். கடைசி எண் "3000 வாட் உபரி" என்றால், நள்ளிரவிலும் ஹீட்டர் ஓடும். ஆகவே 60 நொடிக்குப் புதிய அளவீடு வரவில்லையென்றால் எல்லா உபரிச் சுமையையும் நிறுத்தும் விதி கட்டாயம். சார்ஜருக்குத் தொடர்பு அறுந்தால் எத்தனை ஆம்பியருக்கு இறங்க வேண்டும் என்பதை அதன் அமைப்பிலேயே எழுதலாம். ரிலேக்களை, மின்சாரம் போய் வந்தால் "அணைந்த நிலை" என்று வையுங்கள். மென்பொருள் ஓடும் சிறு கணினிக்கு மெமரி கார்டுக்குப் பதில் எஸ்எஸ்டி போடுங்கள். ஓயாமல் எழுதினால் கார்டு சீக்கிரம் செத்துவிடும். பதிவுகளை இன்னொரு இடத்தில் நகலெடுத்து வையுங்கள்.

அந்தக் கணினியும் சும்மா ஓடுவதில்லை. 5 வாட் என்றால் வருடத்துக்கு 44 யூனிட். ஸ்மார்ட் பிளக் ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு வாட். பத்துப் பிளக் வாங்கி ஒவ்வொன்றிலும் ஒரு விளக்கை மாட்டி "மேலாண்மை" செய்பவர், தான் மிச்சப்படுத்துவதைவிட அதிகம் செலவழிக்கக் கூடும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், குளியலறைக்கு வெளியே ஒரு சாதாரணப் பொத்தான். அழுத்தினால் வெயில், மேகம், விதி எதையும் பார்க்காமல் ஒரு மணி நேரம் தண்ணீர் சுட வேண்டும். பச்சைத் தண்ணீர் சம்பவத்துக்குப் பிறகு அம்மா கேட்டது அது ஒன்றைத்தான். மாட்டிய முதல் மாதம் அடிக்கடி அழுத்தினார். இப்போது அதன் மேல் துண்டு தொங்குகிறது.

படி 12: பருவம் மாறும்போது

வெயில் காலத்தில் எழுதிய எல்லைகள் மழைக்காலத்துக்குப் பொருந்தாது. 2200 வாட் உபரி நாள் முழுதும் வராத மாதங்களில் ஹீட்டர் கிளம்பவே கிளம்பாது; எல்லையைக் குறையுங்கள், அல்லது மாலைக்குள் 45 டிகிரி எட்டவில்லையென்றால் கிரிட்டிலிருந்து சூடாக்கும் விதியைச் சேருங்கள். வருடத்தில் இரண்டு மூன்று முறை, வெயில் நன்றாக இருக்கும் ஒரு நாளின் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, மதியம் வெளியே போகும் மேட்டை மட்டும் பாருங்கள். அந்த மேட்டுக்குள் அடங்கக்கூடிய வேலை ஏதாவது அன்று இரவில் ஓடியிருக்கிறதா என்று தேடுங்கள். போன மாதம் எனக்குக் கிடைத்தது பாத்திரம் கழுவும் இயந்திரம். இரவு பத்து மணிக்கு, ஒன்றரை யூனிட். இப்போது அது காலைப் பாத்திரங்களோடு சேர்ந்து பதினொன்றரைக்கு ஓடுகிறது.